வீட்டுச் சோப்பும் எண்ணெயும் விற்பனைக்கு வரும்போது

(தோட்டப்புறக் குடும்பங்களுக்கான உரை)



நமது தோட்டப்புறங்களில் பல வீடுகளில் இன்று ஒரு சிறுதொழில் நடைபெற்று வருகிறது. விடியற்காலையில் பால் வெட்டச் சென்று பகலில் வீடு திரும்பிய பின், செம்பருத்தி, கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி ஆகியவற்றை இட்டுத் தேங்காய் எண்ணெய் காய்ச்சுகின்றனர் சிலர். மஞ்சள் சோப்பு செய்கின்றனர் சிலர். கற்றாழைப் பசை, முகப்பூச்சு, குளியல் பொடி என்று இன்னும் பல. முன்னர் அக்கம்பக்கத்து வீடுகளோடு நின்றுவிட்ட இப்பொருள்கள் இன்று பசார் மாலாமிலும் தீபாவளிச் சந்தையிலும் வாட்ஸ்அப், முகநூல் வழியாகவும் விற்பனையாகின்றன. மழையினால் வெட்டு இல்லாத நாள்களிலும், இலையுதிர்ந்து பால் குறையும் மாதங்களிலும் இந்த வருமானம் அடுப்பெரிய உதவுகிறது. ஆகவே இம்முயற்சியை நாம் வரவேற்கிறோம். இதைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமன்று.

ஆயினும் ஒன்றைத் தொடக்கத்திலேயே கூறிவிட வேண்டும். தம் பிள்ளைகளின் தலைக்கு எண்ணெய் காய்ச்சும் தாயைச் சட்டம் எதுவும் கேட்பதில்லை. அதே எண்ணெயைப் புட்டியில் அடைத்துப் பத்து வெள்ளிக்கு விற்றாரானால், அந்தக் கணமே அவர் உற்பத்தியாளராகிவிடுகிறார். விற்றது பத்துப் புட்டிதானே என்று கூறித் தப்ப முடியாது. சிறிய அளவில் செய்பவருக்கென்று சட்டம் விலக்கு எதையும் வைக்கவில்லை. பெரிய நிறுவனத்தின் முகப்பூச்சைப் பூசினாலும், தோட்டத்து வீட்டில் செய்த முகப்பூச்சைப் பூசினாலும், பூசப்படுவது மனிதத் தோல்தான் அல்லவா?

மலேசியாவில் ஒப்பனைப் பொருள்கள், 1952ஆம் ஆண்டின் மருந்து விற்பனைச் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட 1984ஆம் ஆண்டின் மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் கட்டுப்பாட்டு விதிமுறைகளுக்கு உட்பட்டவை. ஆசியான் நாடுகள் 2003ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்பாட்டிற்கு ஏற்ப, 2008ஆம் ஆண்டு முதல், சந்தைக்கு வரும் ஒவ்வோர் ஒப்பனைப் பொருளையும் முன்கூட்டியே சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் அறிவித்து எண் பெறவேண்டும். அறிவிக்கப்படாத பொருளை விற்கும் தனியாளுக்கு முதற்குற்றத்திற்கே 25,000 வெள்ளி வரையில் அபராதமோ, மூன்றாண்டு வரையில் சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மறுமுறை பிடிபட்டால் அபராதம் 50,000 வெள்ளி வரையிலும் சிறை ஐந்தாண்டு வரையிலும் உயரும். ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பை ஒரே நாளில் துடைத்துவிடும் தொகை இது.

எது ஒப்பனைப் பொருள் என்ற ஐயம் பலருக்கு எழுகிறது. உடலின் வெளிப்புறத்திலோ பல்லிலோ வாயினுள்ளோ பயன்படுத்தப்பட்டு, தூய்மை செய்யவும், மணம் தரவும், தோற்றத்தை மாற்றவும், நல்ல நிலையில் வைத்திருக்கவும் பயன்படுவதே ஒப்பனைப் பொருள். குளியல் சோப்பும் தலை எண்ணெயும் இதில் அடங்கும். இங்கே ஒரு பெரும் பொறி இருக்கிறது. உள்ளே கலந்த பொருளைக் காட்டிலும் வெளியே எழுதிய சொல்லே பலரைச் சிக்கலில் மாட்டிவிடுகிறது. "கூந்தலை மென்மையாக வைத்திருக்கும்" என்று எழுதினால் அது ஒப்பனைப் பொருள். "சொட்டை நீங்கும்", "படை, சொறி, சிரங்கு குணமாகும்", "மூட்டுவலி தீரும்" என்று எழுதினால் அது மருந்து என்று கூறிக்கொள்வதாகிவிடும். மருந்துக்கும் பாரம்பரிய மருந்துக்கும் பதிவு முறை வேறு. அது இதைவிடக் கடினமானது. வாட்ஸ்அப்பில் எழுதும் விளம்பர வாசகத்திற்கும் இதே கணக்குத்தான்.

இனி, பரிசோதனை எதற்கு என்ற வினாவிற்கு வருவோம். "எல்லாம் இயற்கைப் பொருள்தானே, பாட்டி காலத்திலிருந்து செய்வதுதானே, இதில் என்ன தீங்கு?" என்று கேட்பவர் உண்டு. இதற்குரிய விடை உங்கள் மங்கிலேயே இருக்கிறது. காலையில் மரத்திலிருந்து வடிந்த பால் எவ்வளவு தூய்மையானது! அதை அப்படியே விட்டுவைத்தால் சில மணி நேரத்தில் தானாகவே உறைந்து நாறத் தொடங்குகிறது. கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் பாலில் பெருகிப் புளிப்பை உண்டாக்குவதே அதற்குக் காரணம். ஆகவேதான் பாலை நெடுநேரம் நீர்மமாக வைத்திருக்க வேண்டிய இடங்களில் சிறிதளவு அமோனியா சேர்க்கின்றனர். இயற்கைப் பொருள் என்பதனால் பால் கெடாமல் இருந்துவிடுவதில்லை; நீர் இருக்கும் இடமெல்லாம் கிருமி வளரும்.

முகப்பூச்சும் கற்றாழைப் பசையும் அத்தகையவையே. அவற்றில் பெரும்பகுதி நீர். கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சேர்க்காமல் செய்த கற்றாழைப் பசை, நமது வெப்பத்தில் சில நாள்களுக்கு மேல் தாங்காது. கெட்டது உடனே தெரிந்துவிட்டால் கவலையில்லை. நிறமும் மணமும் மாறாமலேயே கிருமிகள் இலட்சக்கணக்கில் பெருகியிருக்கக்கூடும். அதை வெடித்த கையில் பூசினால் புண் சீழ்பிடிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து நேரலாம். ஆகவேதான் ஆசியான் விதிகள் ஒரு கிராம் பொருளில் 1,000 கிருமிகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்றும், மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கும் கண்ணைச் சுற்றிப் பூசுவதற்கும் உரியவற்றில் 500க்கு மேல் கூடாது என்றும் வரையறுக்கின்றன. சீழ் உண்டாக்கும் சில கிருமிகள் அறவே இருக்கக்கூடாது. இதைக் கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ அறிய இயலாது. ஆய்வுக்கூடத்தில்தான் அறிய முடியும்.

கெடாமல் காக்கும் பொருள்களுக்கும் அளவு உண்டு. சான்றாக, பலரும் பயன்படுத்தும் பினாக்ஸிஎத்தனால் என்னும் பொருள் 100 கிராமில் ஒரு கிராமுக்கு மேல் சேரக்கூடாது. குறைந்தால் பயனில்லை, கூடினால் தோலை உறுத்தும். ஆதலின் கரண்டிக் கணக்கு உதவாது. சிறு எடை காட்டும் நல்ல தராசு வேண்டும்.

எண்ணெயின் நிலை சற்று மேலானது. நீரில்லாத எண்ணெயில் கிருமி எளிதில் பெருகுவதில்லை. எனினும் பச்சை இலையைப் போட்டு, ஈரம் முற்றிலும் வற்றுமுன் இறக்கிவிட்டால், அந்த ஈரமே கெடுவதற்கு வழி செய்துவிடும். வெயில் படும் இடத்தில் வைத்த எண்ணெய் காறிப்போகும். எத்தனை மாதம் நன்றாக இருக்கும் என்பதைச் சந்தைக்கு அனுப்புமுன் வைத்துப் பார்த்து அறிய வேண்டும். வாங்கியவர் வீட்டில் அறியும்படி விடக்கூடாது. எலுமிச்சையைப் பற்றியும் ஒரு சொல். எலுமிச்சைச் சாற்றைத் தோலில் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால், சிலருக்கு நெருப்புப் பட்டதுபோல் கொப்புளம் எழும்பிக் கருந்தழும்பு நிலைத்துவிடும். வெளிக்காட்டில் வேலை செய்பவருக்கு எலுமிச்சை முகப்பூச்சு ஏற்றதன்று.

சோப்பு செய்வோர் தனிக்கவனம் கொள்ள வேண்டும். சோப்பு என்பது எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து உருவாவது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 180 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். செம்பனை எண்ணெய்க்கு 140 கிராம் அளவே போதும். எண்ணெயை மாற்றிவிட்டுச் சோடாவின் அளவை மாற்றாமல் விட்டால், மிஞ்சிய சோடா சோப்புக் கட்டிக்குள் தங்கிவிடும். பார்வைக்கு வெள்ளை வெளேரென்று அழகாயிருக்கும் அந்தக் கட்டி, குழந்தையின் தோலைப் பொசுக்கிவிடும். பால் உறைய வைக்கும் ஆசிட்டை எவ்வாறு தண்ணீரில் சிறிது சிறிதாக ஊற்றுகிறோமோ அவ்வாறே சோடாவையும் தண்ணீரில்தான் சிறிது சிறிதாக இடவேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் சட்டென்று கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. பிள்ளைகள் நடமாடும் அடுக்களையில் இவ்வேலையைச் செய்வதை நாம் ஒருபோதும் ஒப்பமாட்டோம்.

இதுவரை கூறியவை அறியாமையால் நேரும் தீங்குகள். அறிந்தே செய்யப்படும் தீங்கு ஒன்றும் உண்டு. அதுவே மிகக் கொடியது. ஒரே வாரத்தில் முகம் வெளுக்கும் என்று கூறி விற்கப்படும் பூச்சுகளைத்தான் குறிப்பிடுகிறோம். இவற்றுட் சிலவற்றில் பாதரசமும், மருத்துவர் பரிந்துரையோடு மட்டுமே பயன்படுத்தத்தக்க ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் ஆகியவையும் கலந்திருப்பதை நமது சுகாதார அமைச்சு பன்முறை கண்டறிந்து, பெயர் வெளியிட்டு எச்சரித்துள்ளது. பாதரசம் தோல் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தைத் தாக்குகிறது. காலும் முகமும் வீங்குதல், சிறுநீர் நுரைத்தல், கை நடுக்கம், உறக்கமின்மை ஆகியவை அதன் அடையாளங்கள். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2023ஆம் ஆண்டில் சிறுநீரக நோயோடு வந்த சிலரின் வரலாற்றை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அவர்கள் வெளுக்கும் பூச்சுகளைப் பயன்படுத்தியது தெரியவந்தது.

அது பூசியவரோடு நிற்பதுமில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா, வெர்ஜினியா மாநிலங்களில் 2010ஆம் ஆண்டில் நடந்த ஆய்வில், இத்தகைய பூச்சைப் பூசாத வீட்டாரின் உடலிலும் பாதரசம் காணப்பட்டது. துவாலையிலும் தலையணையிலும் ஒட்டியது குழந்தைகளையும் சென்று சேர்கிறது. தாய் வெளுக்கப் பூசியதைக் கைக்குழந்தை தன் உடலில் சுமக்கிறது.

சிறுதொழில் செய்யும் நம்மவர் இதில் எவ்வாறு அகப்படுகின்றனர் தெரியுமா? யாரோ ஒருவர் வாளிக் கணக்கில் பெயரில்லாப் பூச்சைக் கொண்டுவந்து, "சிறு டப்பாவில் அடைத்து உங்கள் பெயரைப் போட்டு விற்றுக்கொள்ளுங்கள், இரட்டிப்பு இலாபம்" என்கிறார். வாங்கி அடைப்பதும் உற்பத்தியே. உள்ளே பாதரசம் இருந்தால், சட்டத்திற்குக் கிடைப்பது டப்பாவின்மேல் இருக்கும் பெயர்தான். வாளி கொண்டுவந்தவர் அதற்குள் அடுத்த தோட்டத்திற்குப் போயிருப்பார்.

நிறப்பொடிகளும் இத்தகையவையே. குங்குமத்தின் சிவப்புக்காக ஈயம் கலந்த நிறம் சேர்க்கப்படுவதுண்டு. சுர்மா போன்ற சில மைகளிலும் ஈயம் இருக்கிறது. மஞ்சள்தூளும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று: பங்களாதேசத்தில் மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேட் சேர்க்கப்பட்டதை 2019ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர், அதன்பின் அந்நாட்டு அரசு கடுமையாக நடவடிக்கை எடுத்தது. ஆகவே பொடியை மொத்தமாக வாங்குவோர், விற்பவரிடம் ஆய்வுச் சான்றிதழைக் கேட்டு வாங்கவேண்டும். செய்து முடித்த பொருளில் பாதரசம் பத்து இலட்சத்தில் ஒரு பங்கையும், ஆர்செனிக்கும் காட்மியமும் ஐந்து பங்கையும், ஈயம் இருபது பங்கையும் மீறக்கூடாது என்பது ஆசியான் வரம்பு.

தீபாவளிச் சந்தையில் கையில் இட்டுவிடும் கருமருதாணியைப் பற்றி இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உண்மையான மருதாணி கறுப்பாகப் பற்றாது. சில மணி நேரம் இருந்து செம்மையாகத்தான் பற்றும். சிறிது நேரத்தில் கன்னங்கரேலென்று பற்றுவது தலைச்சாயத்தில் பயன்படும் இரசாயனம் கலந்தது. அதைத் தோலில் இடுவதற்கு இசைவில்லை. அதனால் கொப்புளம் கண்ட சிலருக்கு அந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுதும் நீடிக்கிறது. பிற்காலத்தில் தலைக்குச் சாயம் பூசும்போதும் முகம் வீங்கிவிடும்.

அடுத்து, பொருளின்மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டு. அழகான பூப்படமும் கைப்பேசி எண்ணும் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கின்றனர். பொருளின் பெயர், பயன், பயன்படுத்தும் முறை, கலந்துள்ள எல்லாப் பொருள்களின் பட்டியல், உற்பத்தி நாடு, சந்தைக்குக் கொண்டுவருபவரின் பெயரும் முகவரியும், கிராமிலோ மில்லிலிட்டரிலோ நிகர அளவு, தொகுதி எண், உற்பத்தித் தேதி அல்லது காலாவதித் தேதி, எச்சரிக்கைக் குறிப்பு ஆகிய இவை யாவும் அதில் இருக்க வேண்டும். முப்பது மாதத்திற்குமேல் தாங்காத பொருளுக்குக் காலாவதித் தேதி கட்டாயம். வீட்டுத் தயாரிப்புகளில் பெரும்பாலானவை அவ்வகையே. பயனும் பயன்படுத்தும் முறையும் எச்சரிக்கையும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். கூடவே தமிழிலும் அச்சிட்டால் நம்மவருக்கு நன்மைதான். ஆனால் தமிழ் மட்டும் போதாது.

பட்டியலில் எடை மிகுந்தது முதலில் வரவேண்டும். ஒரு விழுக்காட்டிற்குக் குறைந்தவற்றைக் கடைசியில் எவ்வரிசையிலும் எழுதலாம். பெயர்களை உலக வழக்கின்படி எழுதவேண்டும்; தேங்காய் எண்ணெய் அங்கே 'கோகோஸ் நூசிபெரா' எண்ணெய் ஆகிவிடும். "இரகசிய மூலிகைகள்" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ள இடமில்லை. இதனால் கைப்பக்குவம் களவு போய்விடும் என்று அஞ்சவும் வேண்டாம். எது கலந்தது என்றுதான் சொல்கிறோம்; எவ்வளவு, எப்படி என்று சொல்வதில்லை. கடலை எண்ணெய் ஒவ்வாத பிள்ளையின் தாய்க்கு அந்த ஒரு வரி போதும்.

இவற்றுள் பலரும் வீணென்று எண்ணுவது தொகுதி எண். நமது கருத்தில் சிறு உற்பத்தியாளருக்கு மிகுதியும் உதவுவது அதுவே. ஸ்டோரில் ஒவ்வொருவர் பாலையும் தனித்தனியே நிறுத்து, அவரவர் பெயருக்கு எதிரே கிராணி எழுதிக்கொள்கிறார். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் ஊற்றிய பின் எவர் பாலில் தண்ணீர் என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? அதுபோல, ஒரு நாள் காய்ச்சிய நாற்பது புட்டிக்கு ஓர் எண் இட்டு, அன்று பயன்படுத்திய எண்ணெய், இலை, அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்தால், குறை வரும்போது அந்த நாற்பதை மட்டும் திரும்பப் பெறலாம். எண்ணும் நோட்டும் இல்லாதவர் இருப்பில் உள்ள அனைத்தையும் கொட்ட வேண்டியிருக்கும். பிழை எங்கே நேர்ந்தது என்பதையும் அறியமாட்டார்.

அறிவிப்பைச் செய்ய வணிகம் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். அறிவிப்பு இணையம் வழியே செய்யப்படுகிறது. நல்ல உற்பத்தி நடைமுறைக்கு ஏற்ற தனியிடம், பொருளைப் பற்றிய முழுக் கோப்பு, தகுதியுடைய ஒருவர் எழுதிய பாதுகாப்பு மதிப்பீடு ஆகியவை இருக்க வேண்டும். இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் கூறுவோம். தோட்டத்து வீட்டில் இருக்கும் ஒரு பெண்மணிக்கு இவையெல்லாம் பெருஞ்சுமைதான். சமைக்கும் அடுப்பு இதற்கு உதவாது. தனியறை கட்டப் பணமில்லை. ஆய்வுக்கூடக் கட்டணமும் உண்டு. "ஏழையின் பிழைப்பில்தான் சட்டம் கைவைக்கும்" என்று அவர் சலித்துக்கொள்வதை நாம் தவறென்று சொல்லவில்லை. ஆயினும் அவரிடம் வாங்குபவரும் ஏழைதான். கொப்புளம் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்கு ஓடுபவரும் அவர்தான்.

வழியும் இருக்கிறது. பிறருக்காகச் செய்து தரும், உரிய நடைமுறை பேணும் தொழிற்சாலைகள் நாட்டில் உள்ளன. அவை பெரிய அளவில்தான் செய்து தருகின்றன என்பதனால், ஐந்தாறு வீட்டார் ஒன்றுகூடி ஒரே பெயரில் பதிவு செய்து, செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். பத்து வகைப் பொருளோடு தொடங்க வேண்டாம், ஒன்றோடு தொடங்குங்கள். அதுவும் நீரில்லாத எண்ணெயாக இருந்தால் சிக்கல் குறைவு. முகப்பூச்சைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.

எண் கிடைத்தது என்பதனால் பொருளை அரசாங்கம் சோதித்து ஒப்புதல் அளித்துவிட்டது என்று பொருள் கொள்ளலாகாது. இது அறிவிப்பு, நற்சான்று அன்று. பொருள் தீங்கற்றது என்பதற்கு அறிவித்தவரே பொறுப்பு. பிற்பாடு அதிகாரிகள் சந்தையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்து, குறை கண்டால் அறிவிப்பை நீக்கிவிடுவர். ஆதலால் "சுகாதார அமைச்சின் ஒப்புதல் பெற்றது" என்று கூவி விற்பவரைக் கண்டால் வாங்குவோர் சற்று நிதானிக்க வேண்டும்.

வாங்குவோர் செய்யத்தக்கது எளிது. அறிவிப்பு எண் 'என், ஓ, டி' என்னும் ஆங்கில எழுத்துகளில் தொடங்கி, இலக்கங்களோடு சென்று 'கே' என்னும் எழுத்தில் முடியும். தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் அந்த எண்ணையோ பொருளின் பெயரையோ இட்டுத் தேடலாம். கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வர். எண் அங்கே இல்லாவிட்டாலும், வேறொரு பொருளின் பெயர் வந்தாலும் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிப் பூசி, எரிச்சலோ தடிப்போ வீக்கமோ கண்டால், உடனே நிறுத்திவிட்டு நிறைய தண்ணீரால் கழுவுங்கள். அதன்மேல் வேறொரு களிம்பைப் பூசாதீர்கள். புட்டியைச் சினங்கொண்டு எறிந்துவிடவும் வேண்டாம். மூடியோடும் சீட்டோடும் ஒரு பையில் இட்டு, அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்திற்கோ மருத்துவமனைக்கோ எடுத்துச் செல்லுங்கள். எதைப் பூசினீர்கள் என்று மருத்துவர் கேட்கும்போது காட்டுவதற்கும், மருந்தாளர் மேலிடத்திற்கு அறிவிப்பதற்கும் அந்தப் புட்டி வேண்டும்.